தலைப்பாகையும் தலைதான்

"பெயர் வேண்டாம், றவூப். ஆள் ஆரெண்டு எனக்கு விளங்கியிட்டுது" என்றார் வழக்கறிஞரான புரக்டர் ஸ்ரீஸ்கந்தராசா. 1938ஆம் ஆண்டு பிறந்து ஐந்து மாதமாகியும், அவர் இப்படிச் சிரித்ததை வெள்ளவத்தைக் கடற்காற்றுகூடக் கண்டதில்லை.

அடி வழக்கொன்றோடு வந்த தொப்பிக் கடை றவூப் சொன்னது இவ்வளவுதான். அடித்தவர் ஒரு புரக்டர். அரசர் பிறந்தநாளன்று ஜே.பி. என்ற சமாதான நீதவான் பட்டம் கிடைக்குமென்று காத்திருப்பவர். அடிபட்டவர் அவரிடம் வேலை செய்பவர். கொட்டாஞ்சேனையில் றவூபுக்குப் பக்கத்து வீடு.

கொட்டாஞ்சேனை என்றதுமே புரக்டருக்கு நமசிவாயத்தின் முகம் தெரிந்துவிட்டது. இதே அறையில் கூட்டாளியாக இருந்து, ஒரு தீபாவளி லீவுக்குள் கட்சிக்காரரையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டாஞ்சேனையில் தனிக்கடை போட்ட துரோகி! இப்போது அதே ஜே.பி. பட்டத்துக்கும் போட்டிக்கு நிற்கிறான். அடிதடி வழக்கு ஒன்று விழுந்தால் பட்டியலில் பெயர் நிற்குமா?

"அழகுமுத்து, மெசினில கடுதாசியைப் பூட்டு!" சுருட்டிய பத்திரிகை 'டொப்' என்று ஒருமுறை இறங்கியது. மற்றப் புரக்டர்மார் கிளாக்கரைக் கூப்பிட மேசையில் மணி வைத்திருந்தார்கள். இவருக்கு அந்தச் செலவு இல்லை.

கிளாக்கர் அழகுமுத்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு டைப்ரைட்டரின் முன் குனிந்தார்.

"சேர், காயம் ஒண்டுமில்ல. கேஸ் நிக்குமா?" என்று இழுத்தார் றவூப்.

"காயம் ஆருக்கு வேணும்?" புரக்டர் எழுந்து நின்றார். எதிரே நீதவான் இல்லாத குறையை அலுமாரி தீர்த்துவைத்தது. "ஸ்டேஷன் நெரிசலில தோள் இடிபட்டால் வழக்கில்லை. பார்பர் உம்மட நாடியைப் பிடிச்சுத் திருப்பினால் வழக்கில்லை. நீராய்ப் போய்க் கதிரையில இருந்தனீர். ஆனால் வேணுமெண்டு, சம்மதமில்லாமல், மானம் போகத் தொட்டால், கோழி இறகால தொட்டாலும் சட்டத்துக்கு அது அடிதான்!"

"கை படல்ல சேர். கையில இருந்த சாமான்தான் பட்ட. அதுவும் தலைப்பாகையில."

"கையில பிடிச்ச சாமானும் கைதான். தலையில கட்டின தலைப்பாகையும் தலைதான்!"

டைப்ரைட்டர் படபடத்தது.

"வருசக்கணக்கா அவர் வாய் தொறக்கல்ல சேர். அது சம்மதம் என்டு செல்ல மாட்டாங்களா?"

"வயித்துக்காக வாயைப் பொத்தினவன் சம்மதிச்சவன் இல்லை."

டைப்ரைட்டர் நின்றது. "ஐயா, அந்த வரியை இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்றார் அழகுமுத்து. புரக்டருக்குப் புளகாங்கிதம். அலுமாரியைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் குரல் கொடுத்துச் சொன்னார்.

"சும்மா பகிடிக்குத் தட்டின என்டு அவர் செல்வாரே?"

"பகிடி அடிச்சவன்ர வாயில. மானம் அடிபட்டவன்ர தலையில. விடும், நான் பாக்கிறன்."

றவூப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "போன கெழம அவர்ட மகள் பகல் சாப்பாடு கொண்டந்த. புள்ளைக்கு முன்னுக்கே அடி விழுந்த சேர். 'அப்பா, நீங்க என்ன பிழை செஞ்சீங்க?' என்டு அது கேட்டீக்கி. மனிசன் இன்னம் அந்தப் புள்ளைட மொகத்தப் பாக்கல்ல."

புரக்டரின் கண்கள் கலங்கின. பழைய கூட்டாளியை நினைத்துத் தனக்காகவே கலங்கின என்றாலும் கண்ணீர் அசல்தான்.

"துரோகம் எண்ட சொல்லையும் சேர்த்துக்கொள், அழகுமுத்து. நம்பி இருந்தவனுக்கு அடிக்கிறது துரோகம். அந்த நோவு எனக்குத் தெரியும்."

அழகுமுத்து சேர்த்துக்கொண்டார். ஏழு நாளைக்குள் அந்த மகளுக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும், தவறினால் டிஸ்ட்ரிக் கோர்ட்டில் வழக்கு என்று கடிதம் முடிந்தது. பெறுபவரின் பெயருக்கு மட்டும் மேலே இடம் விட்டிருந்தது. புரக்டர் தாளின் பாதியை விழுங்கும்படி கையெழுத்தை வைத்தார்.

"பாத்தீரே றவூப்? நமசிவாயம் போகேக்க பியூனும் அவனுக்குப் பின்னால போயிட்டான். எனக்கெண்டு மிஞ்சினது இவன் ஒருத்தன்தான். என்ர சொந்தப் பிள்ளை மாதிரி!" பத்திரிகை அன்போடு உயர்ந்து, பிறகு கடிதத்தின் ஞாபகம் வந்து மேசையில் இறங்கியது. "பெயரை நிரப்பி உடன தபாலில போடு. ஆரெண்டு உனக்கும் தெரியும்தானே?"

"தெரியுங்க ஐயா."

டைப்ரைட்டர் மெதுவாக, எழுத்தெழுத்தாகத் தட்டியது. நமசிவாயம் என்ற பெயருக்கு அது கொஞ்சம் கூடுதலான நேரம்தான். புரக்டர் கடலைப் பார்த்துக்கொண்டு, பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்ற இரண்டெழுத்தைப் போட்டு மனதுக்குள் அழகு பார்த்தார்.

திரும்பியபோது அழகுமுத்து மேசைக்கு முன்னால் நின்றார். தலைப்பாகை அக்குளில் இருந்தது. கடிதத்தை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

"என்னடா இது? தபாலில போடச் சொன்னனான்."

"தபால் எதுக்குங்க ஐயா? நீங்கதான் இங்கேயே இருக்கீங்களே."