ராஜாத்தியின் முகம்

"மூக்குத்தி எந்தப் பக்கம் கண்ணு? சீக்கிரம் சொல்லு."

ஊசியில் மஞ்சள் நூலைக் கோத்து வைத்துக்கொண்டு நாகம்மா அவசரப்படுத்தினாள். ஏழு வயது செல்லி குனிந்து தரையைக் கீறிக்கொண்டிருந்தாள்.

நாகம்மாவின் மடியில் அவள் புருஷன் கரியப்பனின் பழைய வேட்டி விரிந்திருந்தது. அதன்மேல் ஒரு குடும்பம். தையல்காரர் ரசூலிடம் கேட்டு வாங்கிய துண்டுத் துணிகளை வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தாள். காக்கித் துணியில் மாட்டுவண்டி. வண்டியின் பின்னால், பச்சைச் சேலையில், காலைத் தொங்கப்போட்டபடி ராஜாத்தி.

ராஜாத்தி கரியப்பனின் மூத்த தாரம். செல்லியைப் பெற்றவள்.

எலி செத்து விழுந்து ஊரே காலியான வருஷம், ஜூஜுவாடிக்கு வெளியே கொல்லைமேட்டில் போட்ட குடிசையில் பிளேக் அவளைக் கொண்டுபோய்விட்டது. உடுத்தியது, போர்த்தியது எல்லாவற்றையும் அன்றைக்கே கொளுத்திவிட்டார்கள். போட்டோ எடுத்ததில்லை.

நாகம்மா அவளைக் கண்ணால் கண்டதில்லை. செல்லி சொல்லச் சொல்லத் தைத்தாள்.

ஆரம்பத்தில் செல்லி நிறையச் சொன்னாள். அம்மாவோடு அத்திப்பள்ளிச் சந்தைக்குப் போனது. அம்மா மாட்டிடம் மட்டும் தெலுங்கில் பேசுவது. கோபம் வந்தால் சிரித்துவிடுவது.

பிறகு பேச்சு குறைந்தது. நேற்று அந்த மாட்டின் பெயர் செல்லிக்கு மறந்துபோயிருந்தது.

அதிலிருந்து நாகம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. களையெடுக்கப் போகவில்லை. அடுப்பில் களி தீய்ந்த வாசனை வந்தும் எழவில்லை. இந்தப் பிள்ளை முழுக்க மறப்பதற்குள் முகத்தை முடித்துவிட வேண்டும்.

செல்லி நிமிர்ந்தாள். நாகம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம், சின்னம்மா." நாகம்மாவின் வலது மூக்கில் இருந்த மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினாள்.

நாகம்மா அந்தப் பக்கம் ஊசியைத் துணியில் இறக்கினாள்.

மாட்டைக் கட்டிவிட்டு உள்ளே வந்த கரியப்பன் நின்றான். அந்தத் துணியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன், இன்று குனிந்து பார்த்தான்.

"அவ மூக்கே குத்திக்கலையே."

நாகம்மா துணியைக் கண்ணருகே தூக்கினாள். போன வாரம் தைத்த அகன்ற நெற்றி. நேற்று தைத்த தாடை, அதன் ஓரத்தில் ஒரு மச்சம். அவள் கை தானாகத் தன் தாடைக்குப் போனது. மச்சம் விரலில் தட்டியது.

இத்தனை நாளும் பிள்ளை தன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறது.

சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் அடுத்தவள் பெட்டியில் கைவைத்ததுபோல அவளுக்கு உடம்பு கூசியது. நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். நெற்றி பிரிந்தது. தாடை பிரிந்தது.

"நீங்களாச்சும் சொல்லுங்க. அவங்க மொகம் எப்பிடி இருக்கும்?"

கரியப்பன் தரையில் குந்தினான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றினான். கண்ணை மூடினான். திறந்தான். மறுபடியும் மூடினான்.

"அவள நெனச்சா உம் மொகந்தாம்மே வருது," என்றான் கடைசியில்.

செல்லி இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

நாகம்மா முந்தானையை இழுத்துத் தன் முகத்தை முழுதாக மூடிக்கொண்டாள்.

"இப்ப நெனச்சுப் பாருங்க, ரெண்டு பேரும்."