உப்பு இறங்குது

உப்பள முதலாளி ஆறுமுகநயினார் ஃபேனைக் கூட்டி வைத்தார். அறைக்குள் உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்த அவர் மனைவி முத்துக்கனி தொப்பலாக நனைந்திருந்தாள்.

“ஏளா, போதும் இறங்கு! உடம்புல உள்ள உப்பெல்லாம் வேர்வையில இறங்குது. மயங்கி விழப்போற.”

“விழுந்தா தூக்குங்க.”

“நெஞ்சு படபடங்கலியா?”

“நல்லாத்தான் இருக்கு.” அவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.

அவர் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸை நீட்டினார். “இதையாவது குடி. இந்த வயசுல எதுக்குளா இந்த வீம்பு?”

“நம்ம அளத்துல வெயில்ல வேர்க்க வேர்க்க உப்பு வாருதாவளே, அந்தப் பொம்பளைகளுக்கு என்னைக்காவது இப்படி ஜூஸ் நீட்டியிருக்கியளா?”

அவர் நீட்டிய டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முத்துக்கனி இறங்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைக்கிள் சீட்டை அவர் உயரத்துக்கு ஏற்றி முறுக்கினாள்.

“வேர்த்தா உசுரு போயிரும்னு டாக்டர்ட்டயே மல்லுக்கு நின்னிய. இப்ப எனக்குப் போயிட்டா? உங்க நெஞ்சுக்குத்தான் அவர் சைக்கிள் மிதிக்கச் சொன்னாரு. ஜூஸைக் குடிச்சிட்டு ஏறுங்க!”