வெறுங்காலில் வந்தவர்

“வெறுங்கால்னு சொன்னதும் உங்களுக்கு என்னம்மா ஞாபகம் வருது?”

கம்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதோடு மூன்று முறை கேட்டாயிற்று.

மனநல ஆலோசகர் தனகோர்னுக்கு, அவளுக்கு ஒரு மகன் இருந்தால் அவன் வயதுதான் இருக்கும். லம்பாங் நகரத்தில் இவரைவிடப் பொறுமைசாலி இல்லை என்றார்கள். அந்தப் பொறுமைதான் அவளுக்கு இப்போது பொறுக்கவில்லை.

“ஒண்ணும் வரல தம்பி. அர்த்தம் நீங்க சொல்லுவீங்கன்னுதானே வந்தேன்?”

ஒன்பது நாளாக ஒரே கனவு. செத்துப்போன புருஷன் புன்மா வெறுங்காலோடு வாசலில் நிற்கிறார். உள்ளே வருவதில்லை. ஒரு வார்த்தை பேசுவதில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அர்த்தம் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

சுட்ட வாழைப்பழம் விற்கும் விசித் லாட்டரிச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். “பெரியம்மா, நம்பர் பாக்கணும், கால்ல விரல் எத்தனை தெரிஞ்சுது? எண்ணிப் பாத்திருக்கக் கூடாதா? மனுஷன் அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காரு!”

வீட்டில் இன்னொரு சாவு விழும் என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டாள்.

விகாரையின் பெரிய பிக்கு மட்டும் அர்த்தம் எதுவும் சொல்லவில்லை. “அவர் போய் நாளைக்கு நூறாம் நாள். அவர் கேக்கறதை அவர் பேர்ல தானம் குடுத்துரும்மா. அமைதியாப் போயிடுவார்” என்றார்.

கேட்பது எது என்று தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் இரண்டு பேருந்து மாறி இங்கே வந்திருக்கிறாள்.

தனகோர்ன் பேனாவை மூடினார். “கனவுல வர்றவங்க பல நேரம் நாமதாம்மா. வெறுங்கால்னா பாதுகாப்பு இல்லாத நிலைமை. வாசல்ல நிக்கறது அவர் இல்ல, நீங்கதான்னு எனக்குத் தோணுது.”

“நான் எதுக்கு என் வீட்டு வாசல்ல போய் நிக்கணும்?” கம்லா எழுந்துவிட்டாள். “விரலை எண்ணச் சொல்றான் ஒருத்தன். சாவு விழும்கறா ஒருத்தி. நீங்க என்னடான்னா என்னையே ஆம்பளையாக்கிட்டீங்க! அவருக்குச் செருப்பு வேணும். அவ்வளவுதான். இதுகூடவா ஒருத்தருக்கும் தெரியல?”

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

தனகோர்ன் மெதுவாகக் கேட்டார். “அவர் செருப்பு எங்கம்மா இருக்கு?”

கம்லா மறுபடி உட்கார்ந்தாள்.

“என் வீட்டு வாசல்ல.”

தகனம் முடிந்த அன்று சாயங்காலமே எடுத்து வைத்தது. தினமும் காலையில் அதைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பாள். மழை பெய்தால் சேற்றை அப்பி வைப்பாள். தனியாக இருக்கிறாள்; கடைசி வீடு, அதற்கப்பால் தேக்கங்காடு. உள்ளே ஓர் ஆண் இருக்கிறான் என்று வழிப்போக்கர்கள் நினைக்க வேண்டும்.

“அதையும் குடுத்துட்டா நான் எப்படித் தம்பி தூங்குவேன்?”

ஆலோசகர் குறிப்பேட்டை ஓரமாக நகர்த்தினார்.

அவள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். எல்லோரும் கழற்றிவிட்டு நுழையும் அந்த வாசலில் தன் செருப்பைத் தேடிக் கால் நுழைத்தாள். கோபம் வடிந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்திருந்தது. செத்தவர் காலணியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் போய் அர்த்தம் கேட்டிருக்கிறாள்.

“கொஞ்சம் நில்லுங்கம்மா.”

தனகோர்ன் பின்னாலேயே வந்து குனிந்தார். அங்கே கிடந்ததில் பெரிய ஜோடியை எடுத்து, நேற்றைய செய்தித்தாளில் சுற்றி நீட்டினார்.

“அவரோடதை அவருக்குக் குடுத்துருங்க. இதை வாசல்ல போடுங்க. என் காலு பெருசு. வீட்ல ஆம்பளை இருக்கான்னு இல்ல, யானை இருக்குன்னே பயந்துடுவானுங்க.”

கம்லா வாங்கிக்கொண்டாள்.

வெளிவாயில் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். உச்சி வெயில் சிமெண்டுத் தரையைக் காய்ச்சியிருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாசலில் வெறுங்காலோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் கைகூப்பினாள்.