அடிக் கொழுக்கட்டை

ஸஹானா நடந்துவிட்டாள்.

காலை பதினொரு மணி. நான் பனியனோடு தரையில் உட்கார்ந்து அவளுக்குப் பருப்பு சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக விழுந்த வெயில் கூடத்தில் ஒரு பாய் அளவுக்குப் பரவியிருந்தது. அதற்குள் தூசி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தத் தூசியைப் பிடிக்கத்தான் எழுந்தாள். சுவரை விட்டாள். ஓரடி. இன்னோர் அடி. கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவள் போல வெயிலுக்குள் போனாள்.

தெருவில் ஆட்டோ சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டன. ஏழாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாவது ஒன்றாவது, சாதக் கையோடு அழுதேன்.

பத்தொன்பது மாதம் ஐயா! அவளுடைய தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் கட்டம் கட்டமாகக் குழந்தைப் படம் போட்டிருக்கும். குப்புறக் கவிழும் குழந்தை, உட்காரும் குழந்தை, தவழும் குழந்தை. எல்லாக் கட்டத்திலும் டாக்டரம்மா டிக் அடித்திருந்தார். நடக்கும் குழந்தை மட்டும் காலியாக நின்றுகொண்டிருந்தது. சக்கர வண்டியைத் தூக்கிப் பரணில் போடுங்கள், வெறுங்காலோடு தரையில் விடுங்கள், மாதக் கடைசிக்குள் நடக்கவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து என் மனைவி நீரஜா சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு நாளைப் பாதியாக வெட்டிக் குழந்தை வளர்க்கிறவர்கள் நாங்கள். நான் பத்திரிகை ஆபீசில் ப்ரூஃப் ரீடர், ராத்திரி ஷிப்ட். நீரஜாவுக்கு நந்தனத்தில் பகல் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வந்து செருப்பைக் கழற்றுவாள், ஆறரைக்கு நான் மாட்டுவேன். குழந்தை கை மாறும்.

பகல் என்னுடையது. அதனால் உட்கார்ந்தது, தவழ்ந்தது, வாசற்படி தாண்டியது எல்லாமே என் கண்ணெதிரில்தான். எங்கள் குடும்பத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகாரம் செய்தாக வேண்டும். உட்கார்ந்தால் உக்காரை. தவழ்ந்தால் தவலை அடை. படி தாண்டினால் படிக் கொழுக்கட்டை.

ஒவ்வொரு தடவையும் அவள் பஸ் கசங்கலோடு படியேறும்போதே நான் கத்தியிருக்கிறேன். அவள் "அப்படியா, எப்போ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள். தான் பார்க்காததற்குப் பலகாரம் செய்வாள். படிக் கொழுக்கட்டை அன்று, "நான் இந்தாத்துச் சமையல்காரிதானே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

மிச்சம் இருந்தது நடை ஒன்றுதான். பாழாய்ப்போன அதுவும் என் பங்குக்கே வந்துவிட்டது.

சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். இது அவளுடையது. வாயைத் திறந்தால் நான் மனுஷனே இல்லை.

அன்று பகல் முழுவதும் குழந்தையை இடுப்பிலேயே வைத்திருந்தேன், கீழே விட்டால் நடை தீர்ந்துபோய்விடும் என்கிற மாதிரி. நல்ல பைத்தியம்!

ஆறு மணிக்கு நீரஜா வந்தாள். ஸஹானாவைச் சுவரோரம் நிற்கவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாகச் செய்தித்தாளை விரித்தேன். 

அவள் கூடத்து நடுவில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

குழந்தை சுவரை விட்டாள். விளக்குப் போடவில்லை, சாயங்கால வெளிச்சம் மட்டும்தான். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை நடந்துகொண்டே இருப்பாள் போலிருந்தது.

"ஏன்னா, பாத்தேளா! நடக்கறா!" என்று கத்தினாள் நீரஜா. நானும் கத்தினேன். என் நடிப்பு எனக்கே பிடித்திருந்தது.

அழுதாள், சிரித்தாள், குழந்தையின் பாதங்களை மாற்றி மாற்றி முத்தமிட்டாள். இன்றைக்கே அடிக் கொழுக்கட்டை என்றாள்.

வெல்ல மாவைக் குட்டிப் பாதமாகப் பிடித்து வேகவைப்பதுதான் அடிக் கொழுக்கட்டை. கடை மாவு ஆகாது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, மெஷினில் கொடுத்து அரைத்து வாங்க வேண்டும். ஒரு நாள் வேலை. மாவுக்கு எங்கே போவது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"அதான் இருக்கே" என்று தோள்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். புதிதாக அரைத்த பச்சரிசி மாவு. ஈரம்கூடப் போகவில்லை.

அப்புறம்தான் அவள் கை நின்றது.

இரண்டு பேரும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். நேற்று ராத்திரியே அரிசியை ஊறவைத்து, காலையில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது உலர்த்தி, ஆபீஸ் போகிற வழியில் மெஷினில் கொடுத்திருக்கிறாள்.

"நேத்து நீங்க கிளம்பிப் போன கொஞ்ச நாழிக்கெல்லாம் எங்கிட்ட நாலடி நடந்து வந்துட்டா," என்றாள். "இத்தனை நாளா நீங்கதானே பாத்துண்டேள் அவளை. நடக்கறது உங்க கண்ணு முன்னாடிதான் நடக்கணும்னு வாயைப் பொத்திண்டு இருந்தேன்."

எல்லாவற்றையும் பறிகொடுத்தவள், கடைசியில் கிடைத்த ஒன்றையும் எனக்கென்று எடுத்துவைத்திருக்கிறாள். அதைத்தான் நான் பகல் முழுக்க இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, அவளுக்குத் தானம் செய்யப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல வேளை சொல்லலை," என்றேன். "மொதல் தடவையா இப்பத்தான் பாக்கறேன்."

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். வெல்லம் தட்ட உட்கார்ந்தாள்.

காலை பதினொரு மணியைப் பற்றி நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.