வசனம் கேட்கவில்லை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மூன்றாவது மாடி வீட்டு ஸ்டீரியோவில் இன்று சினிமா வசனம் கேட்டே தீரும். கேட்காவிட்டால் வேலைக்குத் திரும்பி வரவே வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் அதை விற்ற கடையின் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

"குண்டு வெடிச்சா ஜன்னல் அதிருது. ஹீரோ வாயைத் திறந்தா கொசு முனகுற மாதிரி இருக்கு. இதையெல்லாம் வித்துப் பொழைக்க வெக்கமா இல்ல?" என்றார் வீட்டுக்காரர்.

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு ரிமோட்டைக் குடைந்தான். "இருக்கிறது ரெண்டு ஸ்பீக்கர். செட்டிங் அஞ்சு ஸ்பீக்கருக்கு வெச்சிருக்கு. வசனமெல்லாம், இங்க இல்லவே இல்லாத நடு ஸ்பீக்கருக்குப் போய்ட்டிருக்கு. எந்த மேதாவி சார் இப்படி மாத்தினது?"

"நானா மாத்துவேன்? எல்லாம் உங்க கடை ஆளுங்க வேலைதான்!"

அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செட்டிங்கை இரண்டு ஸ்பீக்கருக்கு மாற்றியதும் ஹீரோவின் குரல் கணீரென்று வந்தது: "அம்மா! உன் கண்ணீர் கடல் என்றால், நான் அதில் மிதக்கும் கப்பல்!"

ஜெயித்த தெம்பில் மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தான். "இந்தக் கண்றாவியைக் கேட்கத்தானா சார் என் உயிரை வாங்கினீங்க?"

வீட்டுக்காரர் முகம் கறுத்தது. "வெளியே போடா!"

வாசலில் மனைவி அவனை மறித்தாள். "வாராவாரம் இதே படம். செட்டிங்கை மாத்தி வெச்சு இப்பதான் கொஞ்சம் நிம்மதியா இருந்தேன். கெடுத்துட்டியே, பாவி!"

"அது சரி, அவருக்கு ஏம்மா இவ்ளோ கோபம்?"

"அந்த வசனத்தை எழுதினதே அவர்தான்."