பெரியவருக்குப் பிறகு

சோபியாப் ஸ்பூனை எடுத்து ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டாள்.

துக்க மண்டபத்துச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சம்மணமிட்டிருந்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பியோன் என்ற முதலாளி இன்னும் தன் ஸ்பூனைத் தொடவே இல்லை. பன்றிப் பண்ணைக்குச் சொந்தக்காரர், எழுபதைத் தாண்டியவர்.

"ராத்தா," என்று மேனேஜர் க்வாக் பல்லைக் கடித்தார். "பெரியவங்க எடுக்கறதுக்கு முன்னாடி கை வைக்கக் கூடாதுன்னு அந்தம்மாகிட்ட நீ சொல்லலையா?"

ராத்தா அதே பண்ணையில் வேலை செய்யும் கம்போடியாக்காரன். இந்த ஊர் மொழி தெரியாத சோபியாப் கம்போடியாவிலிருந்து வந்திருந்ததால் மொழிபெயர்க்க அவனைக் கூட்டி வந்திருந்தார்கள். அவன் அவள் பக்கம் குனிந்தான்.

"அக்கா, ஸ்பூனை வச்சிருங்க. அவர் எடுத்த பிறகுதான் நாம."

அவள் வைத்தாள். வைத்த விதமும் தப்பாகிவிட்டது. சோற்றில் குத்தி நிறுத்திவிட்டாள்.

"ஐயோ, எடுக்கச் சொல்லு," என்றார் க்வாக். "செத்தவங்களுக்குத்தான் அப்படிக் குத்தி வைப்பாங்க."

ராத்தா அதையும் சொன்னான்.

"அப்போ சரியாத்தானே வச்சிருக்கேன்," என்றாள் அவள்.

அடுத்த அறையில் கறுப்பு ரிப்பன் கட்டிய படத்தில் அவள் தம்பி வீரக் இருந்தான். வேலை அட்டைக்காக எடுத்த படம், பெரிதாக்கியிருந்தார்கள். பண்ணையின் கழிவுக் குழிக்குள் இறங்கியவன், விஷக்காற்றில் மயங்கி அங்கேயே செத்துப்போனான்.

ராத்தா சோற்றிலிருந்து ஸ்பூனை எடுத்து மேசையில் படுக்க வைத்தான்.

மேசைக் கோடியில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இருவர் முணுமுணுத்தார்கள்.

"வந்ததுலேர்ந்து இப்படித்தான். முதலாளி இவ தம்பி படத்துக்கு ரெண்டு தரம் விழுந்து கும்பிட்டாரு, இவளுக்கும் ஒரு தரம் கும்பிட்டாரு. திருப்பிக் கும்பிடணும்னு தெரியாம மரமாட்டம் நிக்கறா."

"ஒரு கூலியாளுக்கு இவ்வளவு பெரிய மண்டபம் எவன் எடுப்பான்? இவளுக்கு அதெல்லாம் எங்க புரியப் போகுது."

பியோன் கையை லேசாக உயர்த்தினார். "விடுங்கப்பா. தூரத்துலேர்ந்து வந்த புள்ள. நம்ம பழக்கம் அதுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு ஸ்பூனை எடுத்துச் சூப்பில் விட்டார். அதன் பிறகுதான் மற்ற ஸ்பூன்கள் சத்தம் போட்டன.

கொஞ்சம் சாப்பிட்டதும் அவர் ராத்தாவைப் பார்த்தார். "நாளைக்குப் போலீஸ்ல எப்படிச் செத்தான்னு கேப்பாங்க. தம்பி யார்கிட்டயும் சொல்லாம தானாவே குழிக்குள்ள இறங்கிட்டான், எங்க மேல குறை ஒண்ணும் இல்லன்னு அந்தப் புள்ள சொல்லிட்டாப் போதும். சாம்பலை வாங்கிட்டு ஊருக்குக் கிளம்பிடலாம்னு சொல்லு."

ராத்தா சொன்னான்.

"குறை இருக்குன்னு சொன்னா?" என்று கேட்டாள் சோபியாப்.

ராத்தா அதை மொழிபெயர்க்கவில்லை. "அக்கா, நான் இன்னும் அங்கதான் வேலை பாக்கணும்," என்றான்.

"சரி. என் தம்பி இங்க எப்படி இருந்தான்னு மட்டும் கேளு. மூணு வருஷமா நான் அவனைப் பாக்கலை."

அதைக் கேட்டதும் பியோனின் முகம் இளகியது.

"தங்கமான பையன். எதைக் கொடுத்தாலும் ரெண்டு கையால வாங்குவான். என் எதிர்ல குடிச்சா மரியாதையா முகத்தைத் திருப்பிக்குவான். நான் உக்காராம உக்கார மாட்டான். எந்த வாசலா இருந்தாலும் நான் நுழைஞ்ச பிறகுதான் நுழைவான். நான் சொல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான். இங்க பொறந்த பசங்ககூட அப்படி இல்லம்மா."

"எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான்," என்றார் க்வாக். "புதுசா வர்றவங்களுக்கு அவனைத்தான் காட்டுவேன். இவனைப் பாத்துக் கத்துக்கங்கடான்னு."

பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தலையாட்டினார்கள்.

ராத்தா சொல்லி முடித்தான். சோபியாப் கவனமாகக் கேட்டாள்.

"அந்த வாசல் விஷயத்தை இன்னொரு தரம் சொல்லு தம்பி."

சொன்னான்.

அவள் மதுப் புட்டியை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து, முதலாளியின் கோப்பையில் ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பரவாயில்லையே, சீக்கிரம் கத்துக்கிட்டா," என்றார் ஒருவர்.

ஊற்றி முடித்ததும் அவள் மெதுவாக ஏதோ சொன்னாள். ராத்தா உள்ளங்கைகளை முழங்காலில் துடைத்துக்கொண்டான்.

"என்னடா சொல்றா?" என்றார் க்வாக். "நன்றி சொல்றாளா?"

ராத்தா நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துத் தலைகுனிந்து, முதலாளியிடம் பேச அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்த மரியாதைச் சொற்களில் ஒன்றைக்கூட விடாமல் சொன்னான்.

"முதலாளி அவர்களே, தயவுசெஞ்சு மன்னிக்கணும். அக்கா ஒண்ணு கேக்கறாங்க. எந்த வாசல்லயும் உங்களுக்கு முன்னாடி நுழையாதவன், நீங்க சொல்லாம ஒரு அடி எடுத்து வைக்காதவன், அந்தக் குழிக்குள்ள மட்டும் எப்படிங்க தானா இறங்கியிருப்பான்?"

ஸ்பூன்களின் சத்தம் நின்றது.

பியோன் கோப்பையைக் கையில் எடுத்திருந்தார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் பதில் சொல்லாமல் மற்றவர்கள் பேசுவது அங்கே வழக்கமில்லை.

அன்றைக்கு க்வாக் முந்திக்கொண்டார்.

"இறங்கச் சொன்னது நான் இல்லீங்க."