மூன்றாவது கேள்வி

“திருப்திதான் சேர், எழுதிக்குங்க” என்றான் சில்வெஸ்டர்.

கேள்வி அவனுக்கில்லை. தேயிலை பறிக்க இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கோடு தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்ற அவன் மனைவி மரிய கொறற்றிக்கு.

பெண்களுக்குத் தங்கள் வேலை, பணம், ஓய்வு மூன்றிலும் திருப்தியா என்ற கணக்கெடுப்பு. மாத்தளை அலுவலகத்தில் நாற்பது படிவங்கள் தந்திருந்தார்கள். இது கடைசி.

“அவங்க சொல்லட்டும்” என்றேன்.

“அவ சம்பளத்த மாசாமாசம் நான்தானே வாங்குறேன், எனக்குத் தெரியாதா? அவ வாயத் தொறந்தா ஒங்க தாளு பத்தாது சேர்.”

பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

கீழே ரத்தோட்டை பஸ் ஹோர்ன் அடித்தது. கடைசி பஸ். அதை விட்டால் இருட்டில் சோதனைச் சாவடியைக் கடந்து நடக்க வேண்டும். தமிழன் இருட்டில் நடக்கும் காலமில்லை அது.

பஸ் போனது. நான் எழவில்லை.

சில்வெஸ்டர் ரோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு மனைவிக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

“வேலை பரவாயில்லங்க” என்றாள் அவள். “சம்பளம் எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே திருப்தியான்னு சொல்லலாம்.”

“ஓய்வு?”



“கொழுந்து நிறுக்க வரிசையில நிப்போமுங்க. அந்தக் கொஞ்ச நேரம் என்னைய யாரும் கூப்பிட மாட்டாங்க. வரிசை நீளமா இருந்தா நல்லாயிருக்கும்.”

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில், அவள் சொன்னபடியே எழுதினேன். கையெழுத்தை அவளே போட்டாள். மெதுவாக, முழுப் பெயரையும்.

படிவத்தைக் கட்டின் அடியில் செருகினேன்.

மேலே இருந்தது முதலாம் இலக்கப் படிவம். தை மாதம், பழகிப் பார்ப்பதற்காக வீட்டில் வைத்து நிரப்பியது. பெயர்: டொறீன். வயது: இருபத்தாறு. தொழில்: தையல். மூன்று கேள்விகளுக்கும் ‘திருப்தி’ என்ற கட்டத்தில் சரி அடையாளம்.

எல்லாம் என் கையெழுத்து.

அப்போது டொறீன் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

பங்குனியில் அவளுக்கு மலேரியா வந்தது. எட்டாம் நாள் அடக்கம் செய்தோம்.

பேனாவைத் திறந்தேன். மூன்று அடையாளங்களையும் கோடிட்டு அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்:

‘மனைவியிடம் கேட்கவில்லை.’